உங்கள் வீட்டுக் காணியின் உறுதி

வணக்கம் ஐயா,

ஸ்காபுறோவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் இலக்கியம் இல்லை, வீட்டு விஷயம்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். கெட்டிக்காரி. உயிரியல் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. இப்போது வந்து, அது வேண்டாம், ‘கனடியன் ஸ்டடீஸ்’ படிக்கப் போகிறேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாட விவரத்தை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் இலக்கியம், கொஞ்சம் புவியியல், அரசியல், ஓவியம், பூர்வகுடிகள். ஹொக்கி பற்றிக்கூட ஒரு பாடம் இருக்கிறது. எல்லாத் துறையிலும் ஒவ்வொரு அகப்பை அள்ளிப் போட்ட கூழ் மாதிரிப் பட்டது. ஒரு துறையை ஆழமாகப் படித்தால் அது படிப்பு. இது என்ன?

நான் 1990இல் வந்தவன். பனி வழித்திருக்கிறேன், வரி கட்டியிருக்கிறேன், குடியுரிமைச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை இந்த நாட்டைப் பற்றி நாலு வருடம் காசு கட்டிப் படிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் யாராவது யாழ்ப்பாணத்தைப் படிக்கக் கம்பஸ் போனார்களா? படித்து முடித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

பிள்ளையோடு சண்டை இல்லை. கேட்டால், “அப்பா, உங்களுக்கு விளங்காது” என்கிறாள். உங்களுக்கு விளங்கியிருந்தால் எனக்கும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன்.

கூழ் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துச் சிரித்துவிட்டேன். திட்டுவதற்கு எடுத்த சொல் நல்ல உவமையாக வந்து விழுந்திருக்கிறது. ஒடியல் கூழில் மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் கிடக்கும். ஆனால் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றும் வரைக்கும் அதைக் கூழ் என்று யாரும் சொல்வதில்லை. அதுவரை அது வெந்த சாமான்கள் மிதக்கிற சுடுதண்ணீர். பல்துறைப் படிப்பு என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது அந்தச் சுடுதண்ணீர்தான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒரு பாடம், இங்கே ஒரு பாடம், கடைசியில் ஒரு பட்டம். ஒழுங்காகப் படிப்பிக்கிற இடத்தில் மா உண்டு. அதைச் சொல்லப் போனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இருந்தே தொடங்குவோம். வாங்கும்போது ஒரு வழக்கறிஞர் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, பார்த்திருப்பார். ஊரில் காணி வாங்கினால் நாங்கள் எவ்வளவு துருவுவோம்! யாருடைய முதுசம், யாருக்குச் சீதனமாகப் போனது, எல்லையில் நிற்கிற பனை யாருக்கு, ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பில் என்ன பெயர் என்று கேட்டு முடிக்காமல் முற்பணம் கொடுக்க மாட்டோம். விமானம் ஏறும்போது அந்தக் குணத்தைக் கட்டுநாயக்காவில் விட்டுவிட்டு வந்துவிட்டோம் போல. உங்களுக்கு விற்றவர், அவருக்கு விற்றவர், அவருக்கு விற்றவர் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் அரசாங்கம் வந்து நிற்கும். அரசாங்கத்துக்கு யார் எழுதிக் கொடுத்தது?

ரொறன்ரோ நகர மையம் நிற்கிற நிலத்தின் முதல் உறுதி 1787ஆம் ஆண்டுடையது. பிரித்தானிய அதிகாரிகள் அங்கிருந்த பூர்வகுடிகளான மிஸிஸாகா மக்களின் தலைவர்களைச் சந்தித்துச் சாமான்கள் கொடுத்தார்கள், காணி கிடைத்துவிட்டது என்று திரும்பினார்கள். சில வருடங்கள் கழித்து அந்த உறுதியை எடுத்துப் பார்த்தால் நிலத்தின் விவரம் எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. தலைவர்கள் தங்கள் குலக்குறிகளை வரைந்த துண்டுத் தாள்கள் தனியாக அதில் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஊரில் இப்படி ஒன்றைக் கொண்டுபோயிருந்தால் நொத்தாரிசு படலையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். இது செல்லாது என்று அவர்களுக்கே விளங்கியதால் 1805இல் இன்னொன்று எழுதினார்கள். இரண்டரை இலட்சம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். விலை 10 ஷில்லிங். அந்தக் கணக்கைத் தீர்க்க 2010 வரை ஆனது. கனடா அரசு மிஸிஸாகாக்களுக்கு 145 மில்லியன் டொலர் கொடுத்தது.

அது நகர மையம். உங்கள் ஸ்காபுறோ அதற்குக் கிழக்கே. அங்கே கதை இன்னும் விசித்திரம். ஏரிக்கரையில் நின்று துவக்கு வெடித்தால் எவ்வளவு தூரத்துக்குச் சத்தம் கேட்குமோ அவ்வளவு தூரம் உள்ளே என்று 1788இல் எல்லை பேசியதாகச் சொல்வார்கள். துவக்குச் சூட்டு உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ! இப்படிக் கிடந்த குழப்பத்தை மூடத்தான் 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் வந்தன. மூடிய விதத்தில் அந்த மக்களுடைய வேட்டை உரிமையும் மீன்பிடி உரிமையும் சேர்ந்து போயின. நீண்ட வழக்குக்குப் பிறகு 2018இல் ஏழு முதற்குடிச் சமூகங்களுக்கு 111 கோடி டொலரும், பறிபோன உரிமையும், அரசின் மன்னிப்பும் கிடைத்தன. 2018! நீங்கள் அந்த வீட்டுக்கு மோட்கேஜ் கட்டிக்கொண்டிருந்த வருடம்.

இப்போதெல்லாம் எங்கள் விழாக்களிலும் நிலத்துக்கு நன்றி சொல்லும் அறிக்கை ஒன்றை வாசிக்கிறார்கள், கவனித்திருப்பீர்கள். மங்கல விளக்கு, கனடிய தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், நடுவில் எங்கேயோ இது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிடுவோம். அது ‘ஹோடினொஷோனி’, ‘அனிஷினாபே’ என்று பூர்வகுடிகளின் பெயர்களைத் தடுமாறித் தடுமாறி வாசிக்கும். நாங்கள் கைபேசியைப் பார்ப்போம். அந்தத் தாளில் இருப்பது உங்கள் காணியின் தோம்பு, நண்பரே. அதை வாசிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உங்கள் மகள் கேட்கிறாள். குடியுரிமைச் சோதனையில் 20 கேள்வி, 15 சரியாக இருந்தால் போதும். எந்தப் பதினைந்து என்பது எங்கள் விருப்பம்.

சரி, இந்த உறுதியை எந்தத் துறை வாசிக்கும்? செல்லுமா என்பதைச் சட்டம் சொல்லும். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று சரித்திரம் தேடும். வரைந்திருக்கிற குலக்குறி கையெழுத்தா, சாட்சியா, நட்புக்கு அடையாளமா என்று தெரிய அந்த மக்களின் மொழியும் மரபும் வேண்டும். எல்லை எதுவரை என்பதற்குப் புவியியல். ஒவ்வொருவரும் தங்கள் பங்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஓய்வு எடுத்த பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க, கிழமைக்கு ஒரு மாலை, இந்தப் படிப்பின் வகுப்பு ஒன்றில் பின்வரிசையில் இருந்தேன். பரீட்சை இல்லை, கட்டுரை இல்லை, கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் பேராசிரியை மூன்று தாள்கள் தந்தார். மூன்றிலும் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. முதலாவது ஒரு சட்டப் பத்திரம்: இவ்வளவு நிலத்தை மன்னருக்கு ‘விட்டுக்கொடுக்கிறோம், ஒப்படைக்கிறோம்’ என்று போகிற நீண்ட வாக்கியங்கள். இரண்டாவது ஒரு பிரயாண நாட்குறிப்பின் பக்கம். மூன்றாவது ஒரு சொனெற். ஒரு பூர்வகுடித் தாய், மார்புச் சால்வைக்குள் ஒட்டிக் கிடக்கும் குழந்தை. தாயைவிட வெளிறிய குழந்தை. அழிந்துகொண்டு போகிற ஓர் இனத்தின் கடைசிக் காட்சி என்பது போல எழுதப்பட்ட கவிதை. கவிதை அழகு என்று இலக்கிய மாணவி ஒருத்தி சொன்னாள். அழகுதான், பொய் சொல்லக் கூடாது. பிறகு பெயர்களைத் திறந்து காட்டினார்கள். பத்திரத்தை மக்கள் முன் வைத்துக் கையெழுத்து வாங்கியவரும் சொனெற்றை எழுதியவரும் ஒரே ஆள்.

டங்கன் காம்பெல் ஸ்கொட். 1862இல் ஒட்டாவாவில் பிறந்தவர். 17 வயதில் பூர்வகுடிகள் விவகாரத் திணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, கணக்காளராகி, 1913இல் அதன் தலைமை அதிகாரியாகி, 1932 வரை இருந்தார். கனடாவின் முதல் தலைமுறைக் கவிஞர்களில் ஒருவர் என்று பாடப் புத்தகங்களில் நெடுங்காலம் இருந்தவரும் இவர்தான்.

1905 கோடையில் ஸ்கொட்டும் இன்னும் இரண்டு ஆணையாளர்களும் ஒன்ராறியோவின் வடக்கே கனூக்களில் புறப்பட்டார்கள். கையில் ஒன்பதாம் உடன்படிக்கை. கிறீ, ஒஜிப்வே மக்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கவனியுங்கள், பத்திரம் ஒட்டாவாவிலேயே எழுதி முடிந்துவிட்டது. ஒரு சொல்லையும் மாற்ற அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கூடவே காசுப் பெட்டி: கையெழுத்திடும்போது ஆளுக்கு 8 டொலர், பிறகு வருடத்துக்கு 4 டொலர். ஜூலை மாதம் ஒஸ்னபேர்க் என்ற இடத்தில் மிஸபே என்ற கண் தெரியாத முதியவர் எழுந்து கேட்டார்: இதில் கையெழுத்து வைத்தால் எங்களை ஓரிடத்தில் கட்டிவைப்பீர்களா, வேட்டையும் மீன்பிடியும் போய்விடுமா? பயப்பட வேண்டாம், உங்கள் சீவியத்தில் கை வைக்க மாட்டோம் என்று பதில் சொன்னார்கள். இது அந்த ஆணையாளர்களே அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. பத்திரத்திலோ வேட்டை உரிமை அரசு விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது, சுரங்கத்துக்கும் மரம் வெட்டவும் குடியேற்றத்துக்கும் எடுக்கும் நிலத்தில் அதுவும் கிடையாது. நான் சொன்ன இரண்டாவது தாள், மூன்றாவது ஆணையாளரான டானியல் மக்மார்ட்டினின் நாட்குறிப்பு. இப்போது கிங்ஸ்ரனில் குயின்ஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வாயால் கொடுத்த வாக்கு அதில் பதிந்திருக்கிறது. வாய்ச்சொல் ஒன்று, உறுதி இன்னொன்று. காணிக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிய குடும்பத்தில் பிறந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த வருடப் பயணம் இன்னும் சுவாரசியம். 1906இல் ஸ்கொட் தன் நண்பர் பெல்ஹாம் எட்கரைச் செயலாளராகக் கூட்டிக்கொண்டு போனார். எட்கர், ரொறன்ரோ விக்ரோறியாக் கல்லூரியில் பேராசிரியர், இலக்கிய விமர்சகர். எட்மண்ட் மொறிஸ் என்ற ஓவியரும் வந்து சேர்ந்து வழியில் சந்தித்த மக்களின் முகங்களை வரைந்தார். ஆக, நிலத்தை எழுதி வாங்கப் போன கூட்டத்தில் கவிஞர், பேராசிரியர், ஓவியர், கணக்காளர், காசுப் பெட்டி, காவலுக்குப் பொலிஸ். துடுப்புப் போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒரு பல்கலைக்கழகமே ஆற்றில் போன மாதிரி.

இனி யோசித்துப் பாருங்கள். எத்தனையோ தலைமுறை மாணவர்கள் ஸ்கொட்டை ஆங்கில இலக்கிய வகுப்பில் கவிஞராகப் படித்தார்கள். சரித்திர வகுப்பில் இருந்தவர்களுக்கு அவர் ஓர் அதிகாரியின் கையெழுத்து. மொறிஸின் ஓவியங்கள் கலை வரலாற்றுக்காரர்களுக்கு, உடன்படிக்கை சட்டக்காரர்களுக்கு. கட்டடம் வேறு, மாடி வேறு. இந்த இனம் தானாக அழிகிறது என்று கவிதையில் இரங்கியவரே, அந்தப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைக்கு அனுப்புவதை 1920இல் 7 முதல் 15 வயது வரை கட்டாயமாக்கியவர் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்த்துச் சொன்னவுடன் கவிதையே வேறு மாதிரி வாசிக்கப்படுகிறது. அழிவு என்பது அங்கே இயற்கை இல்லை, திணைக்களத்தின் வேலைத்திட்டம். அந்த இலக்கிய மாணவி பிறகு அந்த வகுப்பு முடியும் வரை வாய் திறக்கவில்லை.

இதுதான் நான் சொன்ன ஒடியல் மா. ஓர் இடத்தை, ஒரு பத்திரத்தை, ஒரு மனிதரை நடுவில் வைத்துவிட்டு, எல்லாத் துறைகளையும் அதற்கு முன்னால் இழுத்து வந்து பதில் சொல்ல வைப்பது. துறை பெரிதா, கேள்வி பெரிதா என்று வந்தால் கேள்விதான் பெரிது.

வதிவிடப் பாடசாலைக் கதையிலும் இன்னொரு ஆளைச் சொல்லாமல் போகக் கூடாது. பீற்றர் பிரைஸ், அதே திணைக்களத்தின் மருத்துவர். 1907இல் மேற்குப் பகுதிப் பாடசாலைகளைப் போய்ப் பார்த்து, கணக்குக் கிடைத்த 1,537 பிள்ளைகளில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர் இறந்துவிட்டார்கள், பெரும்பாலும் காசநோய், என்று எழுதிக் கொடுத்தார். அவர் கேட்டவை பெரிய விஷயங்கள் இல்லை, காற்றோட்டமும் மருத்துவக் கவனிப்பும். திணைக்களம் அசையவில்லை. வேலையால் நின்ற பிறகு 1922இல் ஒரு சிறு புத்தகமாக அவரே வெளியிட்டார். 2008இல் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முடித்தபோது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தப் பாடசாலைகளுக்குள் போய் வந்திருக்கிறார்கள் என்று சொன்னது. வந்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டேன், எல்லோரும் வரவில்லை. ஸ்கொட்டும் பிரைஸும் ஒட்டாவாவில் ஒரே மயானத்தில் கிடக்கிறார்கள், பீச்வூட்டில். கவிஞர் என்று மட்டும் புகழ்ந்த பலகையை எடுத்துவிட்டு, அவர் செய்ததையும் சேர்த்து எழுதிய பலகை 2015இல் வைக்கப்பட்டது.

இன்னொன்று. மேலே உங்கள் ஸ்காபுறோ நிலத்துக்கு 1923 உடன்படிக்கை என்றேன் அல்லவா? அப்போது அந்தத் திணைக்களத்தின் தலைவர் ஸ்கொட்தான். உங்கள் உறுதியின் மேல் நுனியிலும் அந்தக் கவிஞருடைய கை பட்டிருக்கிறது.

இருக்கிற நாட்டைப் படிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டதைக் கனடியர்களே நெடுங்காலம் கேட்டார்கள். இங்கே பல்கலைக்கழகங்களில் பிரித்தானிய இலக்கியம், பிரித்தானியச் சரித்திரம், பிறகு அமெரிக்காவுடையது. கனடிய இலக்கியம் என்றால் அப்படி ஒன்று உண்டா என்று பேராசிரியர்களே சிரிப்பார்களாம். நாங்களும் டஃபடில் பூவைக் கண்ணால் காணாமல் அதைப் பற்றிய ஆங்கிலக் கவிதையை மனப்பாடம் செய்த ஆட்கள், எங்களுக்கு இது புதிதில்லை. ஒட்டாவாவின் கார்ல்ரன் பல்கலைக்கழகம் 1957இல் கனடியக் கற்கைகளுக்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 60களில் பல்கலைக்கழகங்கள் மளமளவென்று பெருகின. படிப்பிக்க ஆள் போதாமல் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்தார்கள். கார்ல்ரனில் றொபின் மத்யூஸ், ஜேம்ஸ் ஸ்ரீல் என்ற இருவர், எங்கள் பல்கலைக்கழகங்களில் நாங்களே சிறுபான்மையாகப் போகிறோம் என்று 1968, 69இல் பெரிய சத்தம் போட்டார்கள். சத்தம் போட்ட அளவுக்குத் திட்டும் வாங்கினார்கள். 1972இல் ஓர் ஆணைக்குழு அமைந்தது. தலைவர் தோமஸ் சைமன்ஸ், பீற்றர்பறோவில் ட்ரென்ற் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி நடத்தியவர். 1975இல் வந்த அவருடைய அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம், தேசப்பற்றை வளர்க்கத்தான் இந்தப் படிப்பு என்ற வாதத்தை அவர் ஏற்காதது. தன்னைத் தான் அறிவது எந்தப் படிப்புக்கும் போதுமான காரணம் என்றார். கொடி பிடிக்கிற படிப்பாக இது போயிருந்தால் உங்கள் மகளை வேண்டாம் என்று நானே தடுத்திருப்பேன்.

அதற்காக இதைத் தலையில் தூக்கி வைக்கவும் இல்லை. ‘நம்மை அறிவோம்’ என்றவர்களின் ‘நம்’ முதலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும்தான். 1963இல் அமைத்த அரச ஆணைக்குழுவின் பெயரே இருமொழி, இருபண்பாடு. உக்ரேனியர்களும் மற்றவர்களும் நாங்கள் எங்கே என்று கேட்ட பிறகுதான் 1971 ஒக்ரோபரில் பல்பண்பாட்டுக் கொள்கை வந்தது. பூர்வகுடிகளுக்கு ட்ரென்றில் 1969இலேயே தனித் துறை வந்துவிட்டது. ஆனால் பல இடங்களில் அவர்கள் கனடியக் கற்கைகளுக்குள் ஒரு கிழமைப் பாடமாகவே நெடுநாள் இருந்தார்கள். இன்றைக்குக் கார்ல்ரனில் அந்தத் துறையின் பெயர் ‘பூர்வகுடி மற்றும் கனடியக் கற்கைகள்’. எது முன்னால் நிற்கிறது பாருங்கள். கியூபெக்கில் போய்க் கனடியக் கற்கை என்றால் புருவத்தை உயர்த்துவார்கள், அவர்களுக்குக் கியூபெக் கற்கைகள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கனடாவைப் படிப்பிக்கக் கொடுத்துவந்த உதவியை ஒட்டாவா 2012இல் நிறுத்தியது. அதோடு பல நாடுகளில் இந்தப் படிப்பு மெலிந்துபோனது. உள்நாட்டிலும் சில துறைகள் மூடியிருக்கின்றன, சில வேறு துறையோடு சேர்ந்திருக்கின்றன. செழித்து நிற்கிற துறை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

யாழ்ப்பாணத்தைப் படிக்க யாராவது கம்பஸ் போனார்களா என்று கேட்டீர்கள். நாங்கள் போகவில்லை. அதனால்தான் யாழ்ப்பாணத்தைப் பற்றி அதிகம் எழுதிவைத்தது பாதிரிமாரும் கச்சேரித் துரைமாரும். அவர்கள் எழுதியதைத்தான் இன்றைக்கும் அடிக்குறிப்பில் போடுகிறோம்.

எங்கள் ஆட்கள் இந்தப் படிப்புக்குள் எங்கே வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1986 ஓகஸ்ற் 11. நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே பனிப்புகாருக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள். மீன்பிடிக்காரர்கள் கண்டு ஏற்றிக் கரை சேர்த்தார்கள். இது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரித் தெரியும், விழா மேடையில் ஆண்டுதோறும் சொல்வோம். இந்தியாவில் இருந்து வந்தோம் என்று முதலில் சொன்னது பொய், கப்பல் ஏறியது மேற்கு ஜேர்மனியில் என்று தெரியவந்தபோது பத்திரிகைகள் எப்படிப் பாய்ந்தன என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நான் சொல்ல வந்தது அதையும் அல்ல. எங்களை ஏற்றிய அந்த மீன்பிடிக்காரர்கள் யார் என்று கேட்டிருக்கிறோமா? நியூஃபவுண்ட்லாந்து 1949 வரை கனடாவே இல்லை. ஐந்நூறு வருடமாகக் கொட் மீனை நம்பி இருந்த தீவு. எங்கள் ஆட்கள் கரையேறி ஆறு வருடம் முடிவதற்குள், 1992 ஜூலையில், மீன் வற்றிப்போய் அரசு கொட் பிடிப்பதற்கே தடை போட்டது. ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே அடியாக வேலை போனது. கிராமங்கள் காலியாகின. பொடியன்கள் அல்பேர்ட்டாவுக்கும் ரொறன்ரோவுக்கும் வேலை தேடி வந்தார்கள். நாங்களும் அவர்களும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் நின்றிருக்கக் கூடும்.

இந்த இரண்டு கதையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அகதிச் சட்டம் தெரிய வேண்டும், கடல் உயிரியல் தெரிய வேண்டும், மீன் பொருளாதாரம், பத்திரிகை மொழி, அந்தத் தீவின் பாட்டுகள் எல்லாம் வேண்டும். ஹரோல்ட் இன்னிஸ் என்ற பொருளியலாளர் 1924இல் பீஸ் ஆற்றில் கனூவில் இறங்கி, பிறகு ஒரு சிறு கப்பலில் மக்கென்சி ஆற்றில் போனார். பீவர் தோல் வியாபாரம் எப்படி நடந்தது என்பதை நூலகத்தில் இருந்து மட்டும் எழுத முடியாது என்று நினைத்த ஆள். ஐரோப்பியத் தொப்பி நாகரிகம், பூர்வகுடிகளின் வள்ளம், ஆற்றுப் போக்கு, மொன்றியல் வியாபாரிகள் எல்லாவற்றையும் ஒரு விலங்கின் தோலில் கோத்துக் காட்டினார். பிறகு கொட் மீனையும் அப்படியே பிடித்துக்கொண்டார். இந்தப் படிப்புக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அதைச் செய்தவர். உங்கள் மகள் உயிரியலில் நல்ல கெட்டிக்காரி என்றால் அது இங்கே வீணாகும் என்று நினைக்காதீர்கள்.

வேலை. இந்தப் பட்டத்தைக் காட்டினால் உள்ளே வா என்கிற கதவு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. மருத்துவம், கணக்கியல் போல இதற்கு ஒரு தொழில் காத்திருப்பதில்லை. படித்தவர்கள் அரச சேவைக்குப் போகிறார்கள், சட்டம் படிக்கப் போகிறார்கள், ஆசிரியர்களாகிறார்கள், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பத்திரிகை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, இதைத் தனியே எடுக்காமல் இன்னொரு துறையோடு சேர்த்து எடுக்கட்டும். உயிரியலே ஆனாலும் சரி, சூழலியல், புள்ளிவிவரம், பொருளியல் ஆனாலும் சரி. ஏதாவது ஒரு கருவியைக் கையில் பிடிக்கத் தெரிந்தவளுக்குத்தான் கேள்வி கேட்கிற படிப்பு உதவும். மற்றது பிரெஞ்சு. விட்டுவிட வேண்டாம். மத்திய அரசில் மேலே போகிற வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மொழியும் கேட்பார்கள். அதைவிட, பிரெஞ்சு தெரியாமல் கனடாவைப் படிப்பது சிங்களம் தெரியாமல் கொழும்பு அரசியல் பேசுவது மாதிரி. பேசலாம், நாங்கள் பேசவில்லையா! ஆனால் பாதி காதில் விழாது.

எந்தப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் எழுதவில்லை. போய் விசாரிக்கும்போது ஒரேயொரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: முதல் வருடத்தில் எல்லோரும் சேர்ந்து படிக்கிற பொதுப் பாடம் ஒன்று உண்டா, அதை இந்தத் துறை ஆசிரியரே எடுக்கிறாரா? இல்லை, இருபது துறைப் பட்டியலில் விரும்பியதை எடுக்கலாம் என்றால், அது நீங்கள் பயந்த சுடுதண்ணீர்.

கடைசியாக ஹொக்கி. அந்த வரியை எழுதும்போது உங்கள் முகம் போன போக்கு இங்கிருந்தே தெரிந்தது. மொன்றியலில் மொறிஸ் றிச்சார்ட் என்றொரு விளையாட்டுக்காரர், பிரெஞ்சுக் கனடியர்களின் கண்மணி. 1955 மார்ச்சில் பொஸ்ரனில் நடந்த ஆட்டத்தில் ஒரு நடுவருக்கு அடித்துவிட்டார். லீக் தலைவர் கிளாறன்ஸ் காம்பெல், ஆங்கிலம் பேசும் கனடியர், மிச்சப் பருவம் முழுக்க, இறுதிச் சுற்றுகளையும் சேர்த்து, றிச்சார்ட்டை நிறுத்திவைத்தார். மார்ச் 17 அன்று அதே காம்பெல் மொன்றியல் அரங்குக்கு ஆட்டம் பார்க்க வந்து எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தார். தக்காளி, முட்டை, பிறகு கண்ணீர்ப்புகைக் குண்டு. கூட்டம் வெளியே வந்து சென்ற் காதரின் வீதியை அடித்து நொறுக்கியது. அடுத்த நாள் றிச்சார்ட் வானொலியில் பேசித்தான் ஊர் அடங்கியது. முதலாளி ஆங்கிலம் பேசுவான், தொழிலாளி பிரெஞ்சு பேசுவான் என்றிருந்த நகரத்தில் அது ஒரு நடுவருக்கு விழுந்த அடியைப் பற்றிய சண்டையா? ஐந்து வருடத்தில் கியூபெக்கின் அரசியல் தலைகீழானது. இதற்கும் அதற்கும் உள்ள தொடர்பை மிகைப்படுத்துகிறார்கள் என்பவர்களும் உண்டு. அந்த வழக்கு வகுப்பில் நடக்கும்.

அந்தப் பாடத்துக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று கேள்வி. முதலில் அதைப் பதியச் சொல்லுங்கள்.

அன்புடன்.